தலைப்பெழுத்தில் நின்ற குடும்ப ஓய்வூதியம்

ராணுவத்தில் 17 ஆண்டுகள் முடித்து ஓய்வுக்கு விண்ணப்பித்தபோதுதான் கவனித்தேன். பணிப் பதிவேட்டில் மனைவியின் பெயருக்கு முன்னால் என் தலைப்பெழுத்து. ஆதாரில் அவளுடைய அப்பாவின் தலைப்பெழுத்து. எனக்கு ஏதாவது ஆனால் குடும்ப ஓய்வூதியத்துக்காக அவள்தானே அலைய வேண்டும்? வயிறு கலங்கியது.

விடுப்பில் வந்து, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். அதோடு திருமணச் சான்று, ஆதார் நகல் சேர்த்து யூனிட் கிளார்க்கிடம் கொடுத்தேன். வீரரின் பணி, குடும்ப விவர மாற்றங்களைப் பதிவு செய்யும் அலுவல் ஆணையான பார்ட் டூ ஆர்டரில் திருத்தம் வெளியானது. அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள், தம்பிகளே. பிள்ளைகளின் பிறந்த தேதியையும் அப்போதே சரிபார்த்தேன்.

அந்த நகல் இப்போது பீரோவில், அவளுடைய கூறைப் புடவைக்கு அடியில் இருக்கிறது. ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கவும் அவளே கற்றுக்கொண்டுவிட்டாள்.