முதல் நாவலுக்குத் திட்டம்: சறுக்கும் இடங்கள்

சேலத்தைக் களமாக வைத்து முதல் நாவல் எழுத நினைக்கிறவர்கள் பலர், முதலில் குறிப்பேட்டைத்தான் நிரப்புகிறார்கள். 1934இல் மேட்டூர் அணை, அப்புறம் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ, உருக்காலை, செவ்வாய்ப்பேட்டை வெள்ளி. எல்லாம் நல்ல சரக்குதான். ஆனால் தகவல் சேர்ப்பதையே திட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் பார்த்ததில் பெரிய தவறு இதுதான்.

ஒரு கொலுசுப் பட்டறைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ‘மூன்று தலைமுறைக் கதை’ என்று எழுதி வைத்தால் ஒன்றும் நகராது. வியாபாரி எடைபோட்டுக் கொடுத்த வெள்ளி, கொலுசாகத் திரும்பும்போது சேதாரம் போக 200 கிராம் குறைகிறது. பட்டறைக்காரர் அதை வீட்டில் மறைக்கிறார். மறைத்ததால் வட்டிக்கு வாங்குகிறார். வட்டி கட்ட, மகளின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் கை வைக்கிறார். கட்டணம் கட்டப் போகும் நாளில் மகளுக்குத் தெரிந்துவிடுகிறது. இப்போது கதை தானாக ஓடும்.

உங்கள் அத்தியாயப் பட்டியலில் 5ஆவதையும் 8ஆவதையும் இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லையா? அப்படியானால் சம்பவங்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்கின்றன, ஒன்றால் இன்னொன்று நடக்கவில்லை. அணையும் உருக்காலையும் வீண் என்று சொல்லவில்லை. மகன் பட்டறையை விட்டு உருக்காலை வேலைக்குத் துடிக்கிறான் என்றால் தாராளமாக வரட்டும். யாருடைய முடிவையும் மாற்றாத தகவல் குறிப்பேட்டிலேயே கிடக்கட்டும்.

அடுத்தது, மாதக் கணக்கு இல்லாமல் எழுதுவது. ஏற்காட்டில் கோடை மழை விழுந்ததும், மார்ச், ஏப்ரல் வாக்கில் காபி பூக்கும். பழம் பறிப்பு நவம்பருக்கு மேல். சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதம். காலையில் பழம் பறித்த நாயகி மாலையில் அந்தத் திருவிழாவுக்குப் போனால், மலைக்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பத்து நிமிடத்தில் ஏறும் பஸ்ஸும் அப்படித்தான். அத்தியாயம், மாதம், யாருக்கு என்ன வயது என்று ஒரே தாளில் எழுதி வைத்தால் போதும்.

ஏழெட்டுப் பேர் பார்வையில் சொல்லும் ஆசையை இரண்டாவது நாவலுக்கு ஒத்திப்போடலாம்.

முதல் அத்தியாயத்தையே மாதக்கணக்கில் இழைத்துக்கொண்டிருப்பதும் வேண்டாம். கடைசி அத்தியாயம் முடிந்த பிறகு அதில் பாதி எப்படியும் மாறத்தான் போகிறது. வெள்ளி குறைந்த விஷயம் மனைவிக்கு யார் வாயால் தெரியவரும் என்பதை மட்டும் உத்தேசமாக முடிவு செய்துகொண்டு எழுத உட்காருங்கள். நடுவில் வேறு வழி தோன்றினால் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.