கண்ணளவு வேண்டாம்: கணினியில் சோபா, கட்டிலைச் சரியான அளவில் வைப்பது எப்படி?

செந்தூலில் புது கோண்டோவுக்குக் குடிபோன என் அக்கா, கணினியில் வரவேற்பறையை வரைந்து, சோபா, டிவி மேசை, சாமி மேடை எல்லாம் வைத்துப் பார்த்து மனநிறைவோடுதான் கடைக்குப் போனார். சோபா வந்து இறங்கிய அன்று, பால்கனிக்குப் போகும் வழியில் பாதி அடைபட்டுப்போனது. படத்தில் இருந்த சோபா 180 செ.மீ., வாங்கியது 7 அடி, அதாவது 213 செ.மீ. அவ்வளவுதான் விஷயம். மென்பொருளில் கிடைக்கும் சோபா வேறு, நீங்கள் வாங்கப்போகும் சோபா வேறு. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

நான் இங்கே ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுதான் எளிது.

முதல் வேலை: டேப்

கணினியைத் திறப்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். வீடு வாங்கும்போது கொடுத்த தரைப்படத்தை அப்படியே நம்ப வேண்டாம், பூச்சும் டைல்ஸும் முடிந்த சுவரைத்தான் அளக்க வேண்டும். ஒரு சுவரை இரண்டு மூன்று உயரத்தில் அளந்து, வருவதில் குறைந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே நீளமாக இருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால் அறை கோணலாக இருக்கிறது என்று பொருள். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் இருப்பவர்கள் இதைத் தவறவே விடாதீர்கள்.

அப்புறம், அலகு. நம் ஊரில் வீட்டைச் சதுர அடியில் பேசுவோம், தச்சர் அடியும் அங்குலமும் சொல்வார், ஐக்கியா சீட்டில் சென்டிமீட்டர் இருக்கும். எல்லாவற்றையும் சென்டிமீட்டருக்கு மாற்றிவிடுங்கள். 1 அடி 30.48 செ.மீ. அதை 30 என்று போட்டுக் கணக்குப் பார்த்தால் 10 அடிச் சுவரில் கிட்டத்தட்ட 5 செ.மீ. காணாமல் போகும். ஒட்டி வைக்கும் அலமாரிக்கு 5 செ.மீ. பெரிய விஷயம்.

படத்துக்கு அளவு கொடுப்பது

தரைப்படத்தைப் படம் பிடித்துப் பின்னணிப் படமாக ஏற்றுங்கள். அதன்மேல் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் உண்மையான நீளம் என்ன என்று மென்பொருள் கேட்கும். இந்த இடத்தில் பலர் வாசல் கதவை அளவுகோலாக எடுக்கிறார்கள். அது 90 செ.மீ.தான் இருக்கும், அதில் கை 1 செ.மீ. பிசகினால் 6 மீட்டர் சுவரில் அந்தப் பிழை 6 செ.மீ.க்கு மேல் வளர்ந்து நிற்கும், அதனால் வீட்டிலேயே நீளமான சுவரை அளந்து அதையே கொடுங்கள். பிறகு சுவர்களை வரையுங்கள். வரையும்போதே என்டர் தட்டி நீளத்தை எண்ணாக அடிக்கலாம்.

தளவாடங்களை வைப்பது

பட்டியலிலிருந்து சோபாவை இழுத்துப் போட்டதும் அதை இரண்டு முறை சொடுக்குங்கள். அகலம், ஆழம், உயரம் மூன்றும் உள்ள ஒரு பெட்டி வரும். கடைச் சீட்டில் உள்ள எண்களை அங்கே அடியுங்கள். விகிதத்தைக் காக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அகலத்தை மாற்றும்போது ஆழமும் உயரமும் தானாக மாறிவிடும். கட்டிலுக்கு மெத்தை அளவைப் போடாதீர்கள். குயின் மெத்தை ஏறக்குறைய 152 × 190 செ.மீ., ஆனால் கட்டில் சட்டம் அதைவிடப் பெரியது. தரையை அடைத்துக்கொள்வது சட்டம்தான்.

சுவருக்கு அருகே கொண்டுபோனால் பொருள் காந்தம்போல் தானாக ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் இது நல்லதுதான். திரைச்சீலைக்கோ ஸ்கர்ட்டிங்குக்கோ (சுவரின் அடியில் ஓடும் பட்டை) இடைவெளி வேண்டுமென்றால் விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி நகர்த்துங்கள், இல்லையென்றால் அதே பெட்டியில் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் எக்ஸ், ஒய் எண்களை மாற்றுங்கள். ஏர்கான், சுவர் டிவி, சாமி மேடைக்குத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் அங்கேயே கொடுக்கலாம்.

நடந்து பார்ப்பது

முப்பரிமாணக் காட்சி அழகாக இருக்கும், ஆனால் இடம் போதுமா என்பதை அதில் முடிவு செய்யாதீர்கள். மேலிருந்து தெரியும் தரைப்படத்தில்தான் பார்க்க வேண்டும். ஆட்கள் நடக்கும் வழியில் 75 முதல் 90 செ.மீ. விடுங்கள். கதவு திறக்கும் வளைகோட்டுக்குள் எந்தப் பொருளும் வரக்கூடாது. அலமாரிக் கதவு, இழுப்பறை திறப்பதற்கான இடத்தை மென்பொருள் பல நேரம் காட்டாது, அதை நீங்களே ஒரு அளவுக்கோடு போட்டுப் பாருங்கள்.

எல்லாம் பொருந்திய பிறகு, பணம் கட்டுவதற்கு முன், மாஸ்கிங் டேப் வாங்கி சோபாவின் அளவை வீட்டுத் தரையில் ஒட்டி, வீட்டில் எல்லாரையும் அதைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். சரி, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: லிஃப்ட் கதவையும் வாசல் கிரில்லையும் அளந்துவிடுங்கள், அந்த இரண்டும் உங்கள் வரைபடத்தில் இருக்காது.