வாவிக்கரைக் காணியை ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து காப்பது எப்படி: முதன்முறை இறங்குவோருக்கான செய்முறை

டிப்பர் முதல் லோட் கிரவலைக் கொட்டிய பிறகுதான் எங்கள் ஊரில் எல்லோரும் கூடினோம். அது பிந்திய கூட்டம். கண்ணாவும் (கண்டல் மரம்) பன்புல்லும் நின்ற பள்ளம், மாரியில் இடுப்பளவு தண்ணீர் ஏறும் இடம், ஒரு கிழமைக்குள் வீதி மட்டத்துக்கு உயர்ந்துவிட்டது. அந்த மார்கழி மழைக்குத் தண்ணீர் போக இடமில்லாமல் பக்கத்து வளவுகளுக்குள் ஏறியது. அடுத்த வருடம் அதற்குப் பக்கத்துத் துண்டில் முளைக்கட்டை அடித்தார்கள். அந்த முறை நாங்கள் முந்திக்கொண்டோம். அந்தத் துண்டு இன்றைக்கும் பள்ளமாகவே கிடக்கிறது. முதல் முறை எதைத் தவறவிட்டோம், இரண்டாம் முறை எதைச் செய்தோம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை எந்த ஊரிலும் இதே தேவை வரும்.

தொடங்குமுன் ஒன்று. இலண்டனைச் சுற்றியுள்ள பசுமை வலயத்துக்கு 1938இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். நம் பக்கத்தில் "பசுமை வலயம்" என்று யாரும் ஒரே கோடாகக் கீறி வைக்கவில்லை. நமக்கு இருப்பது துண்டு துண்டான பசுமை: வாவிக்கரைக் கண்டல், நெல் வட்டை, மாட்டு மேய்ச்சல் தரை, கடற்கரைச் சவுக்கு, குளத்து ஒதுக்கு. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு திணைக்களத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் நம்பி ஒவ்வொரு சங்கம் இருக்கிறது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க ஊரால் மட்டும்தான் முடியும். அதனால்தான் சங்கங்கள் ஒன்றுசேர வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 1: காணியை நடந்து பாருங்கள், கொப்பியில் எழுதுங்கள்

முதல் முறை நாங்கள் அனுப்பிய மனுவில் ஒப்பங்கள் நிறைய இருந்தன. எந்தக் காணி என்பது மட்டும் தெளிவாக இல்லை. "வாவிக்கரையில் மண் கொட்டுகிறார்கள், தடுத்து உதவவும்" என்று எழுதியிருந்தோம். வாசித்த அதிகாரிக்கு அது எந்த ஊரின் எந்த மூலை என்று எப்படித் தெரியும்? பதிலே வரவில்லை.

ஆகவே முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள், எண்பது பக்கம் போதும். முதல் பக்கத்தில் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும், பிரதேச செயலகப் பிரிவு, காணியின் நான்கு எல்லைகள், யாருடையது என்று ஊரில் பேசப்படுகிறது, இப்போது எதற்குப் பயன்படுகிறது என்பவற்றை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் கையால் ஒரு வரைபடம். வீதி, மதகு, வாய்க்கால், கோயில் அல்லது பள்ளி, பெரிய மரங்கள். அளவு பிசகினாலும் பரவாயில்லை, அடையாளங்கள் சரியாக இருக்க வேண்டும்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் மீனவர் ஒருவர் சொன்னார்: "மனே, நீ கீறின கோடு பிழை. தண்ணி அதுக்கும் மேலால ஏறும். அந்தத் தில்லை மரத்தடிக்கு வா, காட்டுறன்." போய்ப் பார்த்தால் தண்டில் என் நெஞ்சளவு உயரத்தில் காய்ந்த சேற்றுக் கோடு ஒன்று இருந்தது. அதற்குக் கீழே பட்டை கறுத்தும் மேலே வெளிறியும் கிடந்தது. "பால் கண்ணில பட்டிரும், கிளைய முறிச்சிராத" என்று எச்சரித்துவிட்டு அவரே அளவுநாடாவைப் பிடித்தார். அந்தக் கோட்டைப் படம் எடுத்து உயரத்தையும் எழுதினோம். பிறகு அலுவலகத்தில் "இது மேட்டுக் காணிதானே" என்று ஒருவர் சொன்னபோது அந்தப் படத்தைத்தான் மேசையில் வைத்தோம்.

படங்களை போனில் எடுக்கும்போது இட விவரம் பதியும்படி லொக்கேஷனை ஆன் செய்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் அழிந்துவிடும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள், அல்லது மூலப் படத்தைக் கணினியில் சேமித்துவிடுங்கள். கணினியில் கூகுள் எர்த் புரோ இருந்தால் அதே இடத்தின் பழைய வருடப் படங்களையும் பார்க்கலாம். பத்து வருடம் முந்திக் கண்ணா நின்றதும் இன்று வெறுமையாய்க் கிடப்பதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

படி 2: யார் யாருக்கு அந்தக் காணி வேண்டும் என்று கேளுங்கள்

இதுதான் கடினமான படி. மற்றப் படிகளுக்கெல்லாம் உயிரும் இதுதான்.

சுற்றாடல் என்று சொல்லிக் கூட்டம் கூட்டினால் ஐந்து பேர் வருவார்கள். "உங்கள் வலைக்கு றால் எங்கிருந்து வருகிறது?" என்று மீனவர் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது. கண்ணா வேருக்குள்தான் குஞ்சு வளர்கிறது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்பில் வடிச்சலைப் பற்றிக் கேளுங்கள். பள்ளம் அடைபட்டால் வட்டைத் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகும். கால்நடை வளர்ப்போரிடம் மாரியில் மாடுகளை எங்கே கட்டுவார்கள் என்று கேளுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தை மறக்கவே கூடாது. பன் பிடுங்கிப் பாய் இழைப்பவர்களும், வெள்ளம் வந்தால் முதலில் அடுப்பை இழப்பவர்களும் அவர்கள்தான். கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, விளையாட்டுக் கழகம் எல்லாவற்றிலும் ஒவ்வொருவர் வேண்டும்.

நம் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. காணிப் பேச்சு வந்தால் பழைய காயங்களும் சேர்ந்து வரும். இதை மூடி மறைத்துப் பயனில்லை. எங்களுக்கு உதவியது ஒரே ஒரு ஒழுங்கு: கூட்டத்தில் யார் வாங்கினார், எந்த ஊரார் என்று பேசுவதில்லை. தண்ணீர் எங்கே போகும், எந்த அனுமதி இருக்கிறது என்பதை மட்டும் பேசுவது. வெள்ளத்துக்கு ஊர் எல்லை தெரியாது. 2011 ஜனவரி வெள்ளத்தில் இரண்டு பக்கமும் பாடசாலைகளில்தான் தங்கினார்கள், அதை இரு பக்கத்தாரும் மறக்கவில்லை. முதல் கூட்டத்தை ஒரு ஊரிலும் அடுத்ததை மற்ற ஊரிலும் வையுங்கள். தொழுகை நேரத்தையும் பூசை நேரத்தையும் பார்த்துத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

புதிய சங்கம் பதியத் தேவையில்லை. ஏற்கெனவே பதிந்த சங்கங்களின் கடிதத் தலைப்புகளிலேயே கடிதங்கள் போகட்டும். ஒரே விடயத்துக்கு ஆறு சங்கங்களின் முத்திரை ஒரே கடிதத்தில் இருந்தால் அதைப் புறந்தள்ளுவது கஷ்டம். வெளியில் பேச இரண்டு பேரை மட்டும் தெரிவு செய்யுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கொப்பி யாரிடம் இருக்கும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

படி 3: எந்தக் கதவைத் தட்டுவது

காணியின் வகையைப் பொறுத்து அலுவலகம் மாறும்.

வயல் என்றால் கமநல சேவை நிலையம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, நெற்காணியை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். "என் உறுதிக் காணி, நான் நிரப்புவேன்" என்பது இங்கே செல்லாது. இந்த ஒரு செய்தியை ஊருக்குள் பரப்பினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கடற்கரையில் கரையோரம் பேணல் திணைக்களம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டவோ நிரப்பவோ அவர்களின் அனுமதிப் பத்திரம் தேவை. கடலோடு சேரும் வாவிகளின் முகத்துவாரப் பக்கத்தில் வலயம் இன்னும் உள்ளே வரும். அதனால் வாவிக்கரை என்றாலும் அவர்களிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அரச காணியை யாராவது பிடித்தால் பிரதேச செயலாளர். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில் வெளியேற்ற அறிவித்தல் கொடுக்க வழி இருக்கிறது. கட்டடம் எழும்பினால் பிரதேச சபை அல்லது மாநகர சபை. காடென்றால் வனத் திணைக்களம்.

பெரிய திட்டங்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. 4 ஹெக்டேயருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 10 ஏக்கருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்புவதென்றால், 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி அது முன்கூட்டியே சுற்றாடல் அனுமதி எடுக்க வேண்டிய திட்டம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானால் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். பத்திரிகை அறிவித்தல்களைப் பார்க்க ஒருவரை நியமித்து வையுங்கள், நூலகத்துக்குப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது இருந்தால் நல்லது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஒரே பள்ளத்தை மூன்று நான்கு பெயர்களில் துண்டாக்கி ஒவ்வொன்றையும் அளவுக்குக் கீழே காட்டலாம். உங்கள் வரைபடத்தில் எல்லாத் துண்டுகளும் ஒன்றாகத் தெரிந்தால்தான் இது வெளிச்சத்துக்கு வரும்.

படி 4: தகவல் கேளுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கும் மிக நல்ல கருவி. காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. தமிழில் எழுதி அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்தால் போதும். நாங்கள் எழுதியது இப்படி:

"(கிராம உத்தியோகத்தர் பிரிவு) இல், (வீதி) க்குக் கிழக்கே வாவியை எல்லையாகக் கொண்ட காணி தொடர்பாக:
1. இக்காணியை நிரப்ப உங்கள் அலுவலகம் அனுமதி வழங்கியுள்ளதா?
2. வழங்கியிருப்பின் அனுமதிக் கடிதத்தினதும் அதன் நிபந்தனைகளினதும் பிரதி.
3. அனுமதிக்கு முன் கள ஆய்வு நடந்திருப்பின் அந்த அறிக்கையின் பிரதி.
4. காணியின் நில அளவை வரைபடப் பிரதி."

"ஏன் அனுமதித்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்ல வேண்டும். மறுத்தாலும் மௌனமாக இருந்தாலும் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைப் பார்ப்பவர்) மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபால். பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள். எங்கள் இரண்டாம் முறை, "அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை" என்ற ஒரு வரிப் பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் முளைக்கட்டைகளைப் பிடுங்க வைத்தது.

படி 5: டிப்பர் வந்துவிட்டால்

தனியாகப் போய் வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். சாரதி கூலிக்கு வந்தவர், அவரோடு சண்டை வேண்டாம். நாலைந்து பேராகப் போய், வண்டி இலக்கம், நேரம், எத்தனை லோட், எந்தப் பக்கம் கொட்டினார்கள் என்பதை எழுதுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு உடனே அழைப்பு. பொலிஸில் முறைப்பாடு கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள், அவசரமென்றால் 119. அன்றைக்கே பிரதேச செயலாளருக்குக் கடிதம். வெள்ளிக்கிழமை மாலையிலும் நீண்ட விடுமுறை தொடங்கும்போதும் கூடுதலாகக் கவனியுங்கள். அலுவலகங்கள் பூட்டியிருக்கும் நாட்களில்தான் மண் வேகமாக விழும்.

வடிகாலை மறித்துப் பொதுமக்களுக்குத் தொல்லை உண்டானால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம். அதற்குச் சட்டத்தரணி ஒருவரின் உதவி எடுங்கள். இவ்வளவு நாளும் எழுதிய கொப்பி அங்கேதான் பேசும்.

படி 6: விற்கப் போகிறவரோடு உட்காருங்கள்

பலர் இதைச் செய்வதில்லை. எங்கள் பக்கத்தில் வயலை விற்க முடிவு செய்த ஒருவரிடம் போய்ப் பேசினோம். "மூன்று போகமாக நட்டம். மதகு அடைபட்டுக் கிடக்கு, தண்ணீர் நிற்குது. நான் வேறு என்ன செய்யிறது?" என்றார். அவர் மேல் கோபப்பட எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? கமக்காரர் அமைப்பும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து சிரமதானம் வைத்தோம். மதகுக்குள்ளிருந்து ஆற்றுவாழையும் பிளாஸ்டிக் போத்தலும் உழவு இயந்திரப் பெட்டி நிறைய வந்தன. அடுத்த பெரும்போகம் அவர் விதைத்தார். காணியைக் காப்பது என்றால் அந்தக் காணியால் பிழைக்கிறவரையும் காப்பதுதான், இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

படி 7: மரம் நடுவது கடைசியில்

எல்லோரும் முதலில் கன்று நடத்தான் ஓடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஆசையோடு நட்ட கண்டல் கன்றுகள் பல இடங்களில் பட்டுப்போயின. தண்ணீர் மட்டம் பொருந்தாத இடத்தில் நட்டால் அது நிற்காது. முதலில் கொட்டிய மண்ணை அகற்றித் தண்ணீர் வந்துபோக வழி விடுங்கள். பக்கத்தில் தாய் மரம் நின்றால் விதை தானாக மிதந்து வந்து ஊன்றும். ஒரு மாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, வெறுமையாய்க் கிடக்கும் இடத்தில் மட்டும் நடுங்கள்.

அப்புறம், மாதத்துக்கு ஒரு நடை. பௌர்ணமி விடுமுறையில் எல்லா ஊராருக்கும் ஓய்வு இருக்கும். காலை ஆறரைக்கு மதகடியில் கூடி, எல்லை முழுவதும் நடந்து, புதிதாக முளைக்கட்டையோ கம்பி வேலியோ வண்டித் தடமோ இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். நாங்கள் மார்கழி நடைக்குச் சிவப்புப் பெயின்ற் டப்பா ஒன்றும் கொண்டுபோவோம். தண்ணீர் அந்த வருடம் எவ்வளவு ஏறியது என்று மதகுச் சுவரில் ஒரு கோடும் வருடமும். இப்போது அந்தச் சுவரில் நான்கு கோடுகள் இருக்கின்றன.