பல்கலைக்கழக வளாகத்தில் ஏஇடி: வைக்கும் இடம் முதல் பயன்படுத்தும் முறை வரை

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுகிறது. பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் நினைவோடு இருந்து, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வார். இதய நிறுத்தத்தில் இதயம் இரத்தத்தை வெளியே தள்ளுவதையே நிறுத்திவிடுகிறது. பல நேரங்களில் அதன் மின்துடிப்பு தாறுமாறாகி, வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை ஒரு மின்னதிர்ச்சியால் அடக்கி, இயல்பான துடிப்பு மீண்டும் தொடங்க வழிவிடுவதுதான் ஏஇடி எனப்படும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டரின் வேலை. முதலுதவியே இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே கருவி வாங்குவதைவிட, அது எத்தனை நிமிடத்தில் கைக்கு வந்து சேரும் என்பதே முதன்மையான கேள்வி.

படி 1: நடந்து பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

வரைபடத்தில் வட்டம் போட்டு இடம் குறிப்பது போதாது. விளையாட்டு மைதானம், உடற்பயிற்சிக் கூடம், விடுதி, நூலகம், அரங்கம் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் வேகமாக நடந்து சென்று, கருவியை எடுத்துக்கொண்டு திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். போய் வர மூன்று நிமிடத்திற்கு மேல் ஆகக் கூடாது. மாடிப்படி, மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரம், சுற்றிப் போக வேண்டிய வேலி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இதே சோதனையை இரவு பத்து மணிக்கும் விடுமுறை நாளிலும் செய்யுங்கள். அலுவலக அறைக்குள் வைத்து மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் கருவி, இரவில் விடுதியில் விழுந்த மாணவருக்கு இல்லாத கருவிதான். திருட்டுப் போய்விடும் என்ற அச்சத்திற்கு, திறந்தால் ஒலியெழுப்பும் பெட்டியே தகுந்த தீர்வு.

படி 2: ஆட்களைத் தயார் செய்யுங்கள்

இரவிலும் வளாகத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது காவலர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும், முதலில் சிபிஆர், அதாவது மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். விளையாட்டுப் பயிற்சியாளர்களும் மாணவர் தொண்டர்களும் அடுத்து. ஆம்புலன்ஸ் எந்த வாயில் வழியாக வர வேண்டும், அங்கே யார் நின்று வழிகாட்ட வேண்டும் என்பதையும் முன்பே எழுதி வையுங்கள்.

படி 3: ஒருவர் விழுந்துவிட்டால்

தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் இதய நிறுத்தம் என்றே கொள்ளுங்கள். கரையில் போட்ட மீனைப்போல் இடைவெளி விட்டு வாயைத் திறந்து திணறுவது உயிர்மூச்சு அல்ல. பலர் இதைக் கண்டுதான் ஏமாந்து காத்திருந்துவிடுகிறார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாமல், ஒருவரைக் கைகாட்டி அவசர எண்ணை அழைக்கவும், இன்னொருவரைக் கைகாட்டி ஏஇடியை எடுத்து வரவும் சொல்லுங்கள்.

நீங்கள் உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரியவர் என்றால் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ விடுங்கள். களைப்பு தெரியாமலே அழுத்தத்தின் ஆழம் குறையும் என்பதால், இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுவது நல்லது.

கருவி வந்ததும் முதலில் அதை இயக்குங்கள். அடுத்தடுத்துச் செய்ய வேண்டியதை அதுவே குரலில் சொல்லும். மார்புப் பகுதி ஆடை முழுவதையும் விலக்குங்கள். விழுந்தவர் பெண் என்பதற்காகத் தயங்கி நேரத்தை இழக்க வேண்டாம். சுற்றியிருப்பவர்கள் வெளிப்புறம் திரும்பி நின்றால் அதுவே மறைப்பாகும். வியர்வையைத் துடைத்துவிட்டு, ஓர் ஒட்டுப்பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழேயும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்திலும் அழுத்தி ஒட்டுங்கள். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கப் பொருத்தும் சிறு கருவி) புடைப்பு தெரிந்தால் அதன்மேல் ஒட்டாதீர்கள். ஒட்டும்போதும், இன்னொருவர் இருந்தால் அழுத்துவதை நிறுத்தக் கூடாது.

கருவி துடிப்பை ஆராயும்போதும் அதிர்ச்சி கொடுக்கும்போதும் யாரும் உடலைத் தொடக் கூடாது. அதிர்ச்சி முடிந்த கணமே மீண்டும் அழுத்தத் தொடங்குங்கள். ‘அதிர்ச்சி தேவையில்லை’ என்று கருவி சொன்னால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளல்ல; அதிர்ச்சியால் சரியாகாத வகை நிறுத்தமாகவும் இருக்கலாம். எனவே அவர் அசையும்வரை அல்லது மருத்துவக் குழு வரும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள். அதிர்ச்சி தேவைப்படாத துடிப்புக்குக் கருவி அதைக் கொடுக்காதபடி வடிவமைக்கப்பட்டிருப்பதால், புதியவரும் அஞ்சாமல் கையாளலாம்.

படி 4: பராமரிப்பு

கருவியின் தயார்நிலை விளக்கை பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பளிக்கப்பட்ட ஒருவர் தவறாமல் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஒட்டுப்பட்டைகளின் பசை காலப்போக்கில் காய்ந்துவிடும் என்பதால் அவற்றுக்கும் மின்கலத்திற்கும் காலாவதித் தேதி உண்டு. பெட்டியில் கத்தரிக்கோல், சவரக்கத்தி, துண்டு, கையுறை ஆகியவையும் இருக்கட்டும். பயன்படுத்திய பிறகு, கருவியில் பதிவான இதயத்துடிப்புத் தகவலை மருத்துவமனைக்குக் கொடுத்து, புதிய ஒட்டுப்பட்டைகளைப் பொருத்தி, அன்றே பழைய இடத்தில் வைத்துவிடுங்கள்.