‘எச்பிவி பாசிட்டிவ்’ என்று வந்தால்: கருப்பைவாய்ப் பரிசோதனை அறிக்கையை வாசிக்கும் முறை

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர், தம்முடைய பரிசோதனை அறிக்கையை நான்காக மடித்துச் சுருக்குப்பைக்குள் வெற்றிலையோடு வைத்திருந்தார். ‘எச்பிவி பாசிட்டிவ்’ என்பதைக் கேட்டதுமே புற்றுநோய் வந்துவிட்டது என்று முடிவுசெய்து, இரண்டு மாதம் வீட்டில் எவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்தத் தாளிலோ, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி என்ற வைரஸ் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதப்படவில்லை. ஆய்வகத்தில் பணிபுரியும் நான் அன்று அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

பரிசோதனைக்கு மாதவிடாய் இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவையும், பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, களிம்பு ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். 30 வயதைக் கடந்த பெண்கள் அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் எச்பிவி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும், வைரஸ் இல்லையெனில் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. எச்ஐவி தொற்று உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். வடசென்னையில் இருப்பவர்கள் அருகிலுள்ள மாநகராட்சி சுகாதார நிலையத்தில் முதலில் விசாரிக்கலாம், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவையும் அணுகலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் வைரஸின் வகை எண்ணைத் தேடுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காடு 16, 18 ஆகிய இரண்டு வகைகளால் வருவதால், அவற்றில் ஒன்று இருந்தால் பாப் ஸ்மியர் (கருப்பைவாய்ச் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) இயல்பாக இருந்தாலும் காலபோஸ்கோபி, அதாவது கருப்பைவாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் சோதனை, செய்து பார்ப்பதே வழக்கம். வேறு வகை என்றால், அந்த வைரஸ் செல்லை மாற்றத் தொடங்கிவிட்டதா என்பதை அடுத்த சோதனை சொல்ல வேண்டும். ஏனெனில் பெரும்பாலான எச்பிவி தொற்றுகளை உடலின் எதிர்ப்பாற்றலே இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது.

அந்தக் கேள்விக்குத்தான் பி16, கேஐ-67 என்ற இரண்டு உயிர்க்குறியீடுகள் (செல்லின் நிலையைக் காட்டும் புரதங்கள்) விடை தருகின்றன. இந்த 16, வைரஸின் வகை எண் அன்று. நம் தெருவில் ஓடும் மீன்பாடி வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செல் பிரிவதை நிறுத்தும் பிரேக், பி16 என்ற புரதம். கேஐ-67, சக்கரம் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டும் புரதம். நலமான செல்லில் பிரேக் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும். இரண்டையும் ஒரே செல்லில் ஒரே நேரத்தில் காண முடியாது. வைரஸின் இ7 புரதம் செல்லுக்குள் இருக்கும் ஆர்பி என்ற காவல் புரதத்தை முடக்கிவிடும்போது, பிரேக் கம்பி அறுந்த நிலை உண்டாகிறது: செல் பி16-ஐ மேலும் மேலும் உற்பத்தி செய்கிறது, வண்டியோ நிற்காமல் ஓடுகிறது. பி16-க்குப் பழுப்பும் கேஐ-67-க்குச் சிவப்புமாக இரட்டைச் சாயமிட்ட கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், பழுப்பு நிறமேறிய செல்லின் நடுவே உட்கரு சிவப்பாகத் தெரியும். அப்படி ஒரே ஒரு செல் இருந்தாலும் அறிக்கையில் பாசிட்டிவ் என்றுதான் எழுதுவோம். இந்த பாசிட்டிவும் புற்றுநோய் அன்று. காலபோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே அதன் பொருள்.

வைரஸின் இ6, இ7 புரதங்களைச் செய்யச் சொல்லும் எம்ஆர்என்ஏ என்ற மரபுச் செய்தியைத் தேடும் சோதனையும், செல்லின் சொந்த மரபணுக்களில் மெத்தில் குறிகள் (மரபணுவின் செயலை மாற்றும் வேதிக் குறிகள்) ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையும் உள்ளன. அவை கிடைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை.

காலபோஸ்கோபியில் சந்தேகம் எழுந்தால் சிறு துண்டு திசு எடுப்பார்கள். அந்த பயாப்சி (திசுச் சோதனை) அறிக்கையில் சி.ஐ.என். 1, 2, 3 என்று வரும். கருப்பைவாய்ச் செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் படிநிலைகள் அவை. ஒன்று பெரும்பாலும் தானே மறையும். மூன்றுக்குச் சிகிச்சை வேண்டும். சிக்கல் இரண்டில்தான். அது இரண்டுதானா என்று நோய்க்குறியியல் மருத்துவர் ஐயுறும்போது, திசுவிலும் பி16 சாயம் இட்டுப் பார்ப்பார். அடித்தளத்திலிருந்து இடைவெளியின்றிப் பட்டையாகச் சாயம் ஏறியிருந்தால் உயர்நிலை மாற்றம், அதாவது விட்டுவிட்டால் புற்றுநோயாகக்கூடிய மாற்றம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் நெகட்டிவ். ஆகவே சி.ஐ.என். 2 என்று மட்டும் எழுதியிருந்தால், ‘பி16 பார்த்தீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள். உயர்நிலை மாற்றம் உறுதியானாலும், அந்தப் பகுதியை மட்டும் அகற்றும் சிகிச்சைகள் இருக்கின்றன. அதற்காகக் கருப்பையையே எடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் எழும் ஒரு கேள்விக்கும் இங்கே விடை சொல்லியாக வேண்டும். உடலுறவு வழியே பரவும் இந்த வைரஸ் பல ஆண்டுகள் ஓசையின்றித் தங்கியிருக்கக்கூடியது. இன்று தெரிந்தது என்பதால் நேற்று வந்தது என்று பொருளில்லை. கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகிக்க இந்த அறிக்கை ஆதாரமாகாது. அந்த அக்கா இரண்டு மாதம் வாய் திறக்காததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்தான்.

உடலுறவுக்குப் பின்னரோ, மாதவிடாய் நின்ற பிறகோ இரத்தம் பட்டால், பழைய அறிக்கை நெகட்டிவாக இருந்தாலும் அடுத்த பரிசோதனைக் காலம் வரை காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். செல்லும்போது பழைய அறிக்கைகள் அனைத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.