எல்லாக் காப்பு விதிகளும் சரி, விடை மட்டும் பிழை: மென்விசைச் சிதைவில் மாணவர் சறுக்கும் இடங்கள்

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாலை வேளைகளில் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் கூடுவார்கள். போன விடுமுறையில் ஒரு மாணவி தன் கொப்பியை நீட்டினாள். நேரேற்றச் சிக்மா துணிக்கை ஒன்று நியூத்திரனாகவும் பொசித்திரனாகவும் (இலத்திரனின் எதிர்த்துணிக்கை) நியூத்திரினோவாகவும் சிதைவதாக எழுதியிருந்தாள். ஓரத்தில் நான்கு சரி அடையாளங்கள்: ஏற்றம், பேரியன் எண் (மூன்று குவார்க்குத் துணிக்கைகளின் கணக்கு), லெப்டன் எண் (இலத்திரன், நியூத்திரினோ வகையின் கணக்கு), சக்தி. “எல்லாம் பொருந்துகிறதே சேர், பிறகு எப்படிப் பிழை?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. துணிக்கைகளுக்குள் இருக்கும் குவார்க்குகளை, யு, டி, எஸ் என்று பெயர் கொண்டவற்றை, எழுதிப் பார் என்றேன். நேரேற்றச் சிக்மா யு-யு-எஸ். நியூத்திரன் யு-டி-டி. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக எஸ் போய் டி வர வேண்டும், ஒரு யு-வும் போய் டி வர வேண்டும். இத்தகைய மென்விசைச் சிதைவுகளை நடத்தும் டபிள்யூ துணிக்கை ஒரு தடவையில் ஒரு குவார்க்கைத்தான் மாற்றும். மாற்றும்போது அதன் ஏற்றத்தையும் ஓர் அலகு மாற்றியே தீரும். எஸ்-க்கும் டி-க்கும் ஒரே ஏற்றம், ஆகவே ஒரே தாவலில் அங்கே போக வழியில்லை. மறையேற்றச் சிக்மாவை எடுங்கள்: டி-டி-எஸ். அதில் எஸ் மட்டும் யு ஆனால் போதும், நியூத்திரன் கிடைத்துவிடும். அந்தச் சிதைவு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் உண்மையாகவே நடக்கிறது. மாணவி எழுதியதை இதுவரை ஒருவரும் கண்டதில்லை. துணிக்கைகளின் பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தில் நான் காணும் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுதான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. எஸ் குவார்க்கைக் கண்டதுமே “மென்விசை” என்று எழுதிவிடுவார்கள். லாம்ப்டாவும் ஏற்றமற்ற சிக்மாவும் இரண்டுமே யு-டி-எஸ். லாம்ப்டாவின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 2.6 × 10⁻¹⁰ செக்கன். சிக்மாவுக்கோ ஏறத்தாழ 7 × 10⁻²⁰ செக்கன். சிக்மாவின் திணிவு 1193 மெகா இலத்திரன்வோல்ற்று, லாம்ப்டாவினது 1116. அந்த மிச்சச் சக்தியை ஒரு போட்டனாக உமிழ்ந்துவிட்டுச் சிக்மா லாம்ப்டாவாக இறங்கிவிடும். எஸ் குவார்க் எஸ் ஆகவே இருக்கிறது, மின்காந்த விசையே வேலையை முடித்துவிடுகிறது. லாம்ப்டாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எஸ் உள்ள பேரியன்களில் அதுதான் மிக இலேசானது; புரோத்தனும் கேயோனுமாக (எஸ் உள்ள மெசன், அதாவது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துணிக்கை) பிரியவும் சக்தி போதாது. எஸ்-ஐ மாற்றினால்தான் விடுதலை, அதைச் செய்யக்கூடியது மென்விசை ஒன்றே. அந்தத் தாமதத்தால்தான் லாம்ப்டா சில சென்ரிமீற்றர் ஓடிவிட்டுச் சிதைகிறது. 1947இல் மான்செஸ்டரில் ரோச்செஸ்டரும் பட்லரும் துணிக்கைகளின் தடத்தைக் காட்டும் முகில் அறையின் படமொன்றில், தடமேதும் இல்லாத இடத்திலிருந்து கவட்டை போல இரு தடங்கள் பிரிவதைக் கண்டார்கள். அது ஏற்றமற்ற ஒரு கேயோன் சிதைந்த இடம். லாம்ப்டாவின் சிதைவும் படத்தில் அப்படித்தான் விழும்.

இனிக் குவார்க் கலப்பு, அதாவது டபிள்யூ காணும் குவார்க் திசைகள் திணிவு குறித்த குவார்க்குகளோடு ஒன்றிப்போகாதிருப்பது. இங்கே நடக்கும் குழப்பம் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. “டி குவார்க்கில் 97 வீதம் டி, 22 வீதம் எஸ்” என்று எழுதிய விடைத்தாளைப் பார்த்திருக்கிறேன். கூட்டிப் பாருங்கள், 119 வருகிறது. அந்தக் கணமே பேனா நின்றிருக்க வேண்டும்.

ஒரு நாள் பிள்ளைகளைக் கரைக்கே அழைத்துப் போனேன். மணலில் ஏற்றி வைத்திருந்த வள்ளம் ஒன்றின் அணியம் (முன்பக்கம்) நேர் கிழக்கை நோக்காமல் சற்று வடக்கே திரும்பியிருந்தது. கோணத்தை 13 பாகை என்று வைத்துக்கொண்டோம். அமரத்திலிருந்து (பின்பக்கம்) அணியத்தை நோக்கி வள்ளத்தின் ஓரமாகப் பத்து அடி நடக்கச் சொன்னேன். பிறகு அந்தக் காலடிகளுக்குப் பக்கத்தில் கிழக்கே ஒரு கயிறும் வடக்கே ஒரு கயிறும் இழுத்து, கோணத்துக்கு ஏற்ற நீளங்களைக் கணக்கிட்டுக் குறித்தோம். கிழக்கே 9.74 அடி, வடக்கே 2.25 அடி. நடந்தது ஒரே நடை, அதைச் சொல்லும் அச்சுகள்தாம் இரண்டு சோடி.

கிழக்கும் வடக்கும் டி, எஸ் என்ற திணிவு நிலைகள். குறித்த திணிவோடு புரோத்தனுக்குள்ளும் கேயோனுக்குள்ளும் இருப்பவை அவை. வள்ளத்தின் நீளவாட்டமும் குறுக்குவாட்டமும் டபிள்யூவின் திசைகள். யு குவார்க்கைத் தொடும்போது டபிள்யூ கிழக்கைப் பார்ப்பதில்லை, அணியத்தைப் பார்க்கிறது. நிக்கோலா கபிபோ 1963இல் சொன்னது இதைத்தான். அந்தக் கோணம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆக, டி குவார்க் கலவைப் பொருள் அல்ல. புரோத்தனுக்குள் அது நேரம் பார்த்து எஸ் ஆக மாறிக்கொண்டிருப்பதும் இல்லை. திரும்பியிருப்பது வள்ளம். ஏன் டி, எஸ் பக்கத்தை மட்டும் திருப்ப வேண்டும், யு-வும் நான்காவது குவார்க்கான சி-யும் உள்ள பக்கத்தைத் திருப்பினால் என்ன என்று கேட்டால், அப்படியும் எழுதலாம். இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள கோணம் மட்டுமே அளக்கக்கூடியது. ஏற்றமற்ற கேயோனும் அதன் எதிர்த்துணிக்கையும் ஒன்றாக மற்றொன்று மாறுவதையும் கலப்பு என்றே அழைக்கிறார்கள். அது வேறு விடயம், இரண்டையும் ஒரே விடையில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கோபயாஷியும் மஸ்காவாவும் 1973இல், மூன்று குவார்க்குகளே பரிசோதனையில் தெரிந்திருந்த காலத்தில், ஆறு இருந்தால் என்னவாகும் என்று பார்த்தார்கள். இரண்டு குடும்பங்களுக்கு (ஒரு குடும்பம் என்பது இரண்டு குவார்க்குகளின் சோடி) ஒரு கோணம் போதும். மூன்று குடும்பங்களுக்கு மூன்று கோணங்களும், எப்படி மாற்றி எழுதினாலும் நீங்காத ஒரு கட்டமும் (phase, சிக்கலெண்ணின் கோணம்) வருகின்றன. துணிக்கையும் எதிர்த்துணிக்கையும் வேறுவேறாக நடந்துகொள்வதற்கு அந்தக் கட்டம் இடம் தருகிறது. 2008இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கபிபோவுக்குக் கிடைக்கவில்லை, 2010இல் அவர் மறைந்தார். அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஒரு குவார்க் மற்றொன்றாக மாறும் வலிமையைச் சொல்லும் கலப்பு எண்ணை வர்க்கிக்க மறப்பது அடிக்கடி நடக்கும். யு-வுக்கும் எஸ்-க்கும் இடையிலான எண் 0.22. சிதைவு வீதத்தில் வருவது அதன் வர்க்கம், ஏறத்தாழ 0.05. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கும் இருபதில் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தவறவிட்டால் பிறகு எதுவும் பொருந்தாது.

வர்க்கத்தின் பலம் ஐந்தாவது குவார்க்கான பி-யில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பாரம் கூடினால் ஆயுள் குறையும் என்று பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். வீதம் திணிவின் ஐந்தாம் அடுக்கோடு ஏறுவதால் அது நியாயமான எதிர்பார்ப்புத்தான். பி, சி-ஐப் போல ஏறத்தாழ 3.3 மடங்கு பாரம். ஐந்தாம் அடுக்கு எடுத்தால் 400க்குக் கிட்ட. அப்படியானால் பி குவார்க் உள்ள பி மெசன் 400 மடங்கு சீக்கிரம் மறைய வேண்டும். அளந்தால், பி மெசனின் ஆயுள் ஏறத்தாழ 1.5 × 10⁻¹² செக்கன், சி குவார்க் உள்ள ஏற்றமற்ற டி மெசனின் (பெயர்தான் டி) ஆயுள் 0.41 × 10⁻¹² செக்கன். பாரமானதுதான் நீண்ட நேரம் நிற்கிறது! காரணம் கலப்பு. சி குவார்க் எஸ் ஆக மாறுவதற்கான எண் ஒன்றுக்கு மிகக் கிட்ட. பி, சி ஆக மாறுவதற்கான எண் 0.041 மட்டுமே. வர்க்கித்தால் 0.0017, அதாவது 600இல் ஒரு பங்கு. திணிவு தந்த வேகத்தை இந்தத் தடை விழுங்கிவிடுகிறது. 1983இல் ஸ்டான்போர்டில் பி-யின் ஆயுளை முதன்முதலில் அளந்தபோது ஆய்வாளர்களே இவ்வளவு நீளத்தை எதிர்பார்த்திருக்கவில்லை.

பயோன் சிதைவில் வேறொரு சறுக்கல். மிக இலேசான மெசனான பயோன், ஏற்றமுள்ளதாயின், பெரும்பாலும் மியூவனாக (இலத்திரனின் பாரமான உறவு) சிதைகிறது. இலத்திரனாகச் சிதைவது பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். இலத்திரன் இலேசானது, வெளியே விடக் கூடுதல் சக்தி மிஞ்சுகிறது, ஆகவே அதுவே கூட வர வேண்டும் என்று மாணவர் நினைக்கிறார்கள். பயோனுக்குத் தற்சுழற்சி பூச்சியம். எதிரெதிராகப் பறக்கும் இரண்டு துணிக்கைகளின் சுழற்சிகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். நேரேற்றப் பயோனில் நியூத்திரினோ எப்போதும் இடக்கைச் சுழற்சியோடு (செல்லும் திசைக்கு எதிரான சுழற்சி) வருவதால், கூட வரும் பொசித்திரனும் எதிர்த்துணிக்கையாகையால் மென்விசையில் தனக்கு ஒவ்வாத இடக்கைச் சுழற்சியை ஏற்க வேண்டியிருக்கிறது. திணிவு இருப்பதால் மட்டுமே அது இயலும். இலத்திரனின் சிறு திணிவு அதற்குக் கொஞ்சமே இடம் தருகிறது, மியூவனின் திணிவு தாராளமாகத் தருகிறது.

கடைசியாக ஒன்று, இதை நல்ல மாணவர்களே செய்கிறார்கள். கலப்பு எண்களின் அட்டவணையில், முதல் வரியில் உள்ள யு-வின் எண்களை வர்க்கித்துக் கூட்டினால் ஒன்று வர வேண்டும், வள்ளத்தருகே நடந்த நடையைப் போல. யு, எஸ் எண்ணிலிருந்து கோணத்தைக் கண்டுபிடித்து, அதன் கோசைனை யு, டி எண்ணாக வைத்து, இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி, “ஒன்று வருகிறது, சரி” என்று எழுதுகிறார்கள். வராமல் எப்படி இருக்கும்? ஒன்று வரும்படிதானே எண்ணை எடுத்தார்கள். இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்: யு, டி எண்ணை அணுக்கருக்களின் பீற்றாச் சிதைவிலிருந்து, யு, எஸ் எண்ணைக் கேயோன்களிலிருந்து. அப்படி அளந்த 0.9737, 0.2243 இரண்டையும் வர்க்கித்துக் கூட்டினால் 0.9984 வருகிறது. யு, பி எண் மிகச் சிறியது, சேர்த்தாலும் நான்காம் தசம தானம் அசையாது. ஒன்றுக்குக் குறைவது 0.0016, அளவீட்டின் பிழை எல்லை ஏறத்தாழ அதில் பாதி. அந்த மாணவி இதைத் தன் கொப்பியில் போட்டுப் பார்த்துவிட்டு, இம்முறை ஓரத்தில் சரி அடையாளம் போடாமல் ஒரு கேள்விக்குறி போட்டாள். இன்றைய ஆய்வாளர்களும் அந்த இடத்தில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.