பட்டம் பெரியது, கையில் இருக்கும் வேலை சின்னது: புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியவை

எம்.டெக். முடித்தவர் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். முனைவர் பட்டம் வாங்கியவர் கால் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்த நம்மவர்களிடம் பேசினால் இப்படி ஒரு கதையாவது காதில் விழும். உங்களுக்கும் அப்படித்தான் அமைந்திருக்கிறது என்றால், வாடகை கட்ட ஒரு வேலை தேவைப்பட்டது, கிடைத்ததை எடுத்துக்கொண்டீர்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஊரில் கேட்பவர்களிடமும் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுங்கள், மறைக்க மறைக்கப் பாரம்தான் கூடும். என் கவலையெல்லாம் அந்த வேலை சத்தமில்லாமல் விழுங்கிவிடும் வருடங்களைப் பற்றித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ஈக்குவலன்ஸ் வந்துவிட்டது, இனி வேலை கிடைத்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். கனடாவுக்குக் குடியேற வெஸ் என்ற அமைப்பு தருகிற மதிப்பீடு, பிரிட்டனில் யூகே எனிக் என்ற அமைப்பு தருகிற ஒப்பீட்டுச் சான்று எல்லாம் உங்கள் பட்டம் அந்த நாட்டில் எந்த நிலைப் படிப்புக்குச் சமம் என்பதை மட்டும்தான் சொல்லும். தொழில் செய்ய உரிமம் வேண்டுமென்றால் அதைத் தருவது வேறு அமைப்பு. பிரிட்டனில் டாக்டர்களுக்கு பிளாப் தேர்வு இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நர்ஸ்களுக்கு என்க்ளெக்ஸ் தேர்வு. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பொறியாளர்களில் பலர் தங்கள் பணி அனுபவத்திலிருந்து மூன்று நிகழ்வுகளை எடுத்து, தாங்களே என்ன செய்தார்கள் என்று விரிவாக எழுதித் தர வேண்டும். உரிமம் வந்த பிறகும் வேலையைத் தனியாகத்தான் தேட வேண்டும். மதிப்பீடு, உரிமம், வேலை மூன்றையும் தனித்தனியாகத் திட்டமிட்டால்தான் எதில் தேங்கி நிற்கிறோம் என்பது புரியும். மென்பொருள், மார்க்கெட்டிங் போன்ற துறைகளுக்கு உரிமமே தேவையில்லை. அங்கே மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், அதை யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள்.

ஜெர்மனிக்கு வந்தவர்கள் அனபின் என்ற இலவசத் தரவுத்தளத்தில் தங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பார்க்கலாம். பெயருக்கு எதிரே எச் பிளஸ் என்று இருந்தால் அது அங்கீகாரம் பெற்ற நிறுவனம். பொறியாளர்களுக்கு இன்னொரு விஷயம்: ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் சமமாக ஏற்பதற்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் 2014-இல் முழு உறுப்பினர்கள் ஆயின. ஆனால் அந்தச் சலுகை எல்லாக் கல்லூரிக்கும் கிடையாது. நீங்கள் படித்த பாடப்பிரிவு, நீங்கள் முடித்த ஆண்டில் அங்கீகாரப் பட்டியலில் இருந்ததா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பெரிய சுமை குறையும்.

இனி காகிதங்கள். இதில்தான் மாதக்கணக்கில் இழுபடும். பெரும்பாலான மதிப்பீட்டு அமைப்புகள் நீங்கள் அனுப்பும் நகலை ஏற்பதில்லை. பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும், தபாலில் என்றால் உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் முத்திரையும் கையெழுத்தும் போட்டிருக்க வேண்டும். அந்த உறை உங்கள் கைக்கு வந்து, ஆசையாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. இன்னும் கிளம்பாதவர்கள் யாராவது இதைப் படித்தால், அப்படி ஒட்டிய உறையில் ட்ரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான மதிப்பெண் பட்டியல்) இரண்டு மூன்று செட், பாடத்திட்டத்தின் சான்றளித்த நகல், பழைய நிறுவனங்களிலிருந்து உங்கள் பொறுப்புகளை விளக்கும் கடிதம், இவற்றைக் கையோடு வாங்கிவிடுங்கள். "இவர் எங்களிடம் பணியாற்றினார்" என்று இரண்டே வரியில் முடியும் அனுபவச் சான்று எங்கேயும் உதவாது.

வேலைக்கு விண்ணப்பித்தால் "ஓவர் குவாலிஃபைட்" என்று திருப்பி அனுப்புகிறார்களா? அந்த வார்த்தைக்குப் பின்னால் சில பயங்கள் இருக்கின்றன: இவர் மூன்று மாதத்தில் போய்விடுவார், சம்பளம் அதிகம் கேட்பார், தன்னைவிட இளைய மேலாளர் சொல்வதைக் கேட்க மாட்டார். இவற்றுக்கு ரெஸ்யூமேவிலேயே பதில் இருக்க வேண்டும். ஆய்வகத் தொழில்நுட்பர் வேலைக்கு விண்ணப்பிக்கும் முனைவர் ஒருவர் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலை முதல் பக்கத்தில் போட்டால், படிப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார். "ஹெச்.பி.எல்.சி. கருவியைத் தினமும் இயக்கினேன், அளவுத்திருத்தம் செய்தேன், பதிவேடுகளைப் பராமரித்தேன்" என்று தொடங்கினால் கூப்பிட வாய்ப்பு உண்டு. பட்டத்தைக் கடைசிக்குத் தள்ளலாம், அது தேவைப்படாத வேலைக்கு ரெஸ்யூமேவில் விட்டுவிடவும் செய்யலாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் "உங்கள் உயர்ந்தபட்சக் கல்வித் தகுதி" என்று நேரடியாகக் கேட்டால் உண்மையைத்தான் எழுத வேண்டும். விசா, குடியுரிமைப் படிவங்களில் எதையும் மறைக்கவே கூடாது.

சரி, எந்த வேலையை எடுப்பது? தேர்வு செய்ய இடமிருந்தால், உங்கள் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கீழ்ப்படியை எடுங்கள் என்பேன், மணிக்கு இத்தனை என்று சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சிவில் பொறியாளர் வரைவாளராகச் சேரலாம். டாக்டர் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளராகவும், கணக்காளர் புத்தகப் பதிவு வேலைக்கும் போகலாம். அங்கே உள்ளூர்க் கலைச்சொற்கள் பழகும், உள்ளூர்ச் சட்டவிதிகள் தெரியவரும், நாளை உங்களுக்காக ரெஃபரன்ஸ் தர ஒரு மேலாளர் கிடைப்பார். சம்பந்தமே இல்லாத இடத்தில் நல்ல பெயர் வாங்கினால், அந்த நிறுவனம் உங்களைச் சூப்பர்வைசர் ஆக்கும். அது நல்லதுதான், ஆனால் அதன் பிறகு வெளியே வருவது இன்னும் கடினமாகிவிடும்.

உள்ளூர் அனுபவம் இல்லை என்ற பதிலைக் கேட்டுச் சோர்ந்து போகிறவர்கள் கனடாவில் நிறைய. ஒன்டாரியோவின் மனித உரிமை ஆணையம் 2013-லேயே "கனடிய அனுபவம்" கேட்பது பாகுபாடாக இருக்கக்கூடும் என்று கொள்கை வெளியிட்டது. அந்த மாகாணத்தின் பொறியாளர் உரிம அமைப்பு 2023-இல் அந்த நிபந்தனையை நீக்கியது. 2026 ஜனவரி முதல் அங்கே 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அப்படிக் கேட்கக் கூடாது. பழைய தகவலை வைத்துக்கொண்டு "நமக்கெல்லாம் நடக்காது" என்று சொல்பவர்கள் பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இன்னொரு முதுகலை சேரலாமா என்று கேட்பவர்களுக்கு, அவசரப்படாதீர்கள் என்பதுதான் என் பதில். ஏற்கெனவே இரண்டு பட்டம் இருக்கும்போது கடன் வாங்கிப் படிக்கும் மூன்றாவது பட்டம் அதே சிக்கலைப் பெரிதாக்கும். உரிம அமைப்பே குறிப்பிட்ட பாடங்களைக் கேட்டாலோ, படிப்போடு சம்பளத்துடன் கூடிய பணிப்பயிற்சி இருந்தாலோ யோசிக்கலாம். பல நேரங்களில் விடுபட்டதை மட்டும் நிரப்பும் சில மாதப் பிரிட்ஜிங் கோர்ஸ் போதுமானதாக இருக்கும்.

காலத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணைப் பெரும்பாலான இடங்களில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஏற்க மாட்டார்கள். குடியேற்றத்துக்கான கனடிய மதிப்பீடு ஐந்து ஆண்டில் காலாவதியாகும். பிரிட்டனில் நர்ஸ் ஒருவர் தன் பதிவைப் புதுப்பிக்கவே மூன்று ஆண்டில் 450 மணி நேரம் பணி செய்திருக்க வேண்டும். "கொஞ்சம் செட்டில் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் உங்கள் தொழிலிலிருந்து உங்களைத் தூரமாக்கும்.

அதனால் ஷிஃப்டைப் பார்த்து வேலையை எடுங்கள். வாரம் ஒரு முறை பகலும் இரவும் மாறினால் தேர்வுக்குப் படிக்க முடியாது, நிலையான ஷிஃப்டைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கணவன் மனைவி இருவருமே படித்தவர்கள் என்றால், யாருடைய உரிமம் முதலில் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். குறைந்த காலத்தில் முடியக்கூடியது யாருடையதோ அது முதலில் போகட்டும், மற்றவர் அதுவரை குடும்பச் செலவைத் தாங்கட்டும். அடுத்தவருடைய முறை எந்த மாதம் தொடங்கும் என்பதையும் அன்றே எழுதி வைத்துவிடுங்கள். எழுதி வைக்காத வீடுகளில் இரண்டாவது முறை பெரும்பாலும் பெண்களுக்கு வராமலே போய்விடுகிறது.